அடக்க முடியாத சிறுநீர்: நரம்புக் கோளாறும் நம் தொழுகையும்



இந்த இதழின் மருத்துவப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது வீட்டுக்குள்கூடப் பேசப்படாத ஒரு விஷயம். பக்கவாதம் வந்த அத்தாவுக்குப் பாத்ரூம் போய்ச் சேருவதற்குள் லுங்கி நனைந்துவிடுகிறது. பல வருடமாகச் சர்க்கரை உள்ள அம்மாவுக்கு எழுந்தால், குனிந்தால் சொட்டுகிறது. மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன இளைஞருக்கு ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட டியூப் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. மருத்துவ உதவிக்காக அறக்கட்டளைக்கு வருகிறவர்கள் வீல்சேர் கேட்பார்கள், மாத்திரைக்குப் பணம் கேட்பார்கள். இதை மட்டும் கேட்க மாட்டார்கள். நாமாக விசாரித்தால், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

வெளியே சொல்லாதவர்கள் தாங்களாகவே இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது. மற்றொன்று, சுத்தம் இல்லை என்று தொழுகையை விட்டுவிடுவது. முதலாவது உடம்புக்குக் கெடுதல். இரண்டாவதற்கு மார்க்கத்தில் அவசியமே இல்லை. அவ்விரண்டையும் பற்றித்தான் இந்தப் பாடம்.

பை கெட்டுப்போகவில்லை, உத்தரவு வரவில்லை

சிறுநீர்ப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. பெரியவர்களுக்கு 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். அதன் அடிவாயை ஒரு வளையத் தசை இறுக்கி மூடியிருக்கிறது. நிரம்பும்போது பை தளர்ந்திருக்க வேண்டும், வாய் இறுகியிருக்க வேண்டும். வெளியேற்றும்போது அப்படியே தலைகீழ்: பை சுருங்க வேண்டும், வாய் திறக்க வேண்டும். இவ்விரண்டும் மாறி மாறி, ஒன்றுக்கொன்று முட்டாமல் நடக்க மூளையின் அடிப்பகுதியிலிருந்து உத்தரவு வருகிறது. அது தண்டுவடம் வழியே இறங்கி, இடுப்புக்குக் கீழே உள்ள நரம்புகள் மூலமாகப் பையைச் சேர்கிறது. "இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போய்" என்று அடக்கி வைப்பது மூளையின் முன்பகுதி. குழந்தை இரண்டு மூன்று வயதில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

இந்தப் பாதையில் எந்த இடத்தில் பழுது என்பதைப் பொறுத்துத் தொல்லையின் விதம் மாறுகிறது. பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போல மூளையில் பழுது என்றால் அடக்கி வைக்கும் சக்தி குறைகிறது. பை கொஞ்சம் நிரம்பியதுமே தானாகச் சுருங்கும். அவசரம், அடிக்கடி போவது, இரவில் நாலைந்து முறை எழுவது, போய்ச் சேருவதற்குள் நனைவது எல்லாம் இதன் அடையாளங்கள். பெரும்பாலும் முழுதாக வெளியேறிவிடும், தேங்காது.

கழுத்திலோ முதுகிலோ தண்டுவடம் அடிபட்டால் கதை வேறு. விபத்து, உயரத்திலிருந்து விழுவது, முதுகெலும்பில் காசநோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவை இதற்குக் காரணங்கள். பை சுருங்குகிற அதே நேரத்தில் வாயும் இறுகிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கிக் கிட்னிக்கே திரும்பலாம். வலி தெரியாது, ஏனென்றால் உணர்வு இல்லை. கிட்னி சத்தமில்லாமல் கெடும். மூன்று விதங்களில் மிகவும் பயப்பட வேண்டியது இதுதான்.

மூன்றாவது, கீழ் நரம்புகளே பழுதாவது. இடுப்பு எலும்பின் டிஸ்க் நழுவி நரம்பை நசுக்கினாலும், குழந்தை பிறக்கும்போதே முதுகெலும்பு சரியாக மூடாமல் பிளவுபட்டிருந்தாலும், நீண்ட காலச் சர்க்கரை நரம்புகளை அரித்தாலும் இது வரும். பை சுருங்கும் சக்தியை இழந்து தொளதொளத்துப் போகிறது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சர்க்கரை முதலில் எடுத்துக்கொண்டு போவது, பை நிரம்பியதைச் சொல்லும் உணர்வைத்தான். அதனால் ஆரம்பத்தில் தொல்லையே தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் போகிறேன், நன்றாகத் தாங்குகிறது என்று பெருமையாகக்கூடச் சொல்வார்கள். பிறகு தாரை மெலியும், முக்கிப் போக வேண்டிவரும், போய்விட்டு வந்தும் மீதி இருக்கும். கடைசியில் நிரம்பி வழிகிற குடம் போலச் சொட்டத் தொடங்கும். பார்க்கிறவர்கள், சொட்டுகிறதே, பை காலியாக இருக்கும் என்று நினைப்பார்கள். உண்மையில் உள்ளே அரை லிட்டருக்கு மேல் தேங்கியிருக்கலாம். இவருக்கு "அடக்குவதற்கு" என்று தெரிந்தவர் சொன்ன மாத்திரையை வாங்கிக் கொடுத்தால் சிறுநீர் அடியோடு நின்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகும். மேலே சொன்ன பக்கவாதக்காரருக்கு உதவும் மாத்திரை அதுவேதான். எந்த வகை என்று தெரியாமல் மருந்து கூடாது என்று சொல்வது அதனால்தான்.

எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஆகாது. சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தத்தில் கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன். ஸ்கேன் எடுக்கும்போது, சிறுநீர் போய்விட்டு வந்த பிறகு எவ்வளவு மீதி நிற்கிறது என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சில இடங்களில் பார்ப்பதில்லை. 50 மில்லிக்குள் நின்றால் கவலை இல்லை. 200-க்கு மேல் நின்றால் கட்டாயம் யூராலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் என்ற பரிசோதனையும் தேவைப்படும். போவதற்கு முன்னால் மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எப்போது, எவ்வளவு குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்தது என்று குறித்து எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அதுவே பாதி விடை. ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கமும் இதே தொல்லைகளைத் தரும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

வேலூர் தந்த பாடம்

தண்டுவடம் அடிபட்டவர் பிழைக்க மாட்டார் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே கைவிட்டார்கள். கொன்றது பெரும்பாலும் முதுகுக் காயம் அல்ல. சிறுநீர்ப்பையிலும் கிட்னியிலும் வந்த கிருமியும் படுக்கைப் புண்ணும்தான். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், போர்க் காயம் பட்டவர்களுக்கு இந்த இரண்டையும் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார். பிழைக்க மாட்டார்கள் என்று கருதப்பட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், விளையாடினார்கள். இன்று நடக்கும் பாராலிம்பிக் போட்டிகளுக்கு விதை போட்டது அவர்தான்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-இல் அங்கே அந்தத் துறையின் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானது. 1972-இல் பத்மஸ்ரீ விருது. 1986-இல் காலமானார். தண்டுவடம் அடிபட்டவருக்கு என்ன தேவை என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவர் அவர். அந்த மையம் இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்தும் அங்கே வருகிறார்கள். நமக்கோ போளூர், கண்ணமங்கலம் வழியே 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அத்தகைய மையங்களில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் கற்றுத்தரும் முக்கியமான விஷயம், வேளைக்கு வேளை டியூப் போட்டு எடுப்பது. நிரந்தரமாக டியூப் வைத்திருந்தால் கிருமியும் கல்லும் வரும், பை சுருங்கிப் போகும். அதற்குப் பதிலாக நாலு மணி அல்லது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சிறுநீர் முழுவதையும் வடித்துவிட்டு, உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். இதற்கு ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் என்ற டாக்டர், சோப்புப் போட்டுக் கழுவிய கைகளே போதும் என்று எழுதினார். கிருமி ஒன்றிரண்டு உள்ளே போவதைவிட, பை நிரம்பி விம்மிக் கிடப்பதுதான் பெரிய ஆபத்து என்பது அவர் வாதம். ஐம்பது வருட அனுபவம் அவரைச் சரி என்று காட்டியிருக்கிறது.

முதல் தடவை கேட்கும்போது எல்லோரும் பயப்படுகிறார்கள். நர்ஸ் பக்கத்திலிருந்து சில நாள் சொல்லித்தந்தால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூடத் தாங்களே செய்துகொள்கிறார்கள். பெண்கள் முதலில் கண்ணாடி வைத்துப் பழகுகிறார்கள், பிறகு அது தேவைப்படுவதில்லை. கை வேலை செய்யாதவர்களுக்குக் கணவனோ மனைவியோ, ஆண்களுக்கு மகனோ செய்துவிடலாம். சிகிச்சையின் தேவைக்காக அவ்ரத்தைப் பார்ப்பதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. தானே கற்றுக்கொண்டால் அந்தச் சங்கடமும் இல்லை. ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் வருகிறதென்றால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். குழாயைத் திரும்பப் பயன்படுத்தலாமா, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். முதுகெலும்புப் பிளவுள்ள குழந்தைகளுக்கு ரப்பர் அலர்ஜி வரலாம், அவர்களுக்கு லேடெக்ஸ் இல்லாத குழாய் வாங்க வேண்டும். வயிற்றைக் கையால் அமுக்கி வெளியேற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. டாக்டர் சொல்லாமல் அதைச் செய்யக் கூடாது, அழுத்தம் கிட்னிக்குப் போகும்.

டியூப் பயன்படுத்துகிறவர்களின் சிறுநீரில் எப்போதும் கொஞ்சம் கிருமி இருக்கும். லேபில் கிருமி என்று எழுதிவந்த உடனே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது பிறகு மருந்தே வேலை செய்யாத நிலைக்குக் கொண்டுபோகும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுப்பது இருந்தால்தான் சிகிச்சை.

பை அதிகம் சுருங்குகிறவர்களுக்கு அதை அடக்கும் மாத்திரைகள் உண்டு. சிலவற்றில் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரும், வயதானவர்களுக்கு நினைவு தடுமாறும். அத்தா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் புதிதாகத் தொடங்கிய மாத்திரையையும் சந்தேகியுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குப் பையின் சுவரில் போடும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. அழகுக்குப் போடுவதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதேதான். மாத்திரை இல்லாமலே பலன் தருவது கடிகாரம். அவசரம் வரும் முன்பே இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு அழைத்துப் போவது. சர்க்கரைக்காரர்களும் உணர்வை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, பை எரிச்சலடைந்து, அவசரம் கூடும். கல்லும் கிருமியும் சுலபமாக வரும். மலச்சிக்கல் வந்து, அதுவும் பையை அழுத்தும். இதயமோ கிட்னியோ காரணமாக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பகலில் பிரித்துக் குடித்து, மஃரிபுக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். டீயைக் குறைத்தாலே சிலருக்குப் பாதித் தொல்லை போகும்.

இரண்டு நிலைகளில் அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. இடுப்பு வலி உள்ளவருக்குத் திடீரென்று சிறுநீர் நின்றுபோய், உட்காரும் இடம் மரத்து, இரு கால்களும் பலம் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நரம்பு நசுங்குகிறது, தாமதித்தால் அது திரும்பாது. மற்றது, கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தாங்க முடியாத தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். சரிசெய்தும் அடங்காவிட்டால் 108.

தொழுகையை விட வேண்டாம்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணி, தனக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டார். வழக்கமான மாதவிடாய் நாட்கள் போக மற்ற நாட்களில் விட வேண்டாம், ஒவ்வொரு தொழுகைக்கும் உளூ செய்துகொள்ளும்படி நபியவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. நிற்காமல் சிறுநீர் சொட்டுகிறவரின் சட்டத்தையும் ஃபிக்ஹ் அறிஞர்கள் இதன் மீதே கட்டினார்கள்.

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் இப்படிப்பட்டவர் மஃதூர், அதாவது தக்க காரணம் உடையவர். ஒரு தொழுகையின் வக்து முழுவதிலும், உளூ செய்து ஃபர்ளை மட்டும் தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காவிட்டால் அவர் இந்த நிலைக்கு வருகிறார். அதன்பின் ஒவ்வொரு வக்திலும் ஒரு தடவை சொட்டினாலே அந்நிலை தொடரும். ஒவ்வொரு வக்துக்கும் உளூ செய்து, அந்த வக்துக்குள் ஃபர்ளு, சுன்னத், நஃபில் எதையும் தொழலாம், குர்ஆன் ஓதலாம். இடையில் சொட்டினால் அதனால் உளூ முறியாது. வக்து முடிந்தால் முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் வக்து வந்த பிறகு கழுவி, பேட் அல்லது துணி கட்டி, உளூ செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும், ஓர் உளூவுக்கு ஒரு ஃபர்ளு. ஆடை, யூரின் பை பற்றிய நுணுக்கங்களை உங்கள் பள்ளி ஹழ்ரத்திடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்கள் ஓதிய பாடங்களில் இதுவும் ஒன்று. வேளைக்கு வேளை டியூப் போட்டு நாலு மணி நேரம் உலர்ந்திருக்கிறவருக்கு இந்தச் சலுகையே தேவைப்படாது, மற்றவர்களைப் போலவே தொழுவார்.

(சிறுநீர் கழித்த பிறகு ஒரு சொட்டு வந்ததோ என்ற ஓயாத சந்தேகம் வேறு. அது நரம்பு நோய் அல்ல, வஸ்வாஸ். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

நோன்பு நாளில் டியூப் போடுவது நோன்பை முறிக்குமா என்பதில் மத்ஹபுகளுக்குள் பழைய கருத்து வேறுபாடு உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-இல் கூடி, சிறுநீர் வழியில் செலுத்தும் குழாயால் நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. உங்களுக்குரிய விடையை ரமளானுக்கு முன்பே ஆலிமிடம் கேட்டு வையுங்கள். பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருக்க உங்கள் கிட்னி தாங்குமா என்ற கேள்வி மட்டும் டாக்டருக்கு உரியது.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உளூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், கைப்பிடியோடு ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை, உட்கார்ந்து உளூச் செய்ய ஒரு நாற்காலி, வாசலை ஒட்டிக் கடைசி ஸஃப்பில் ஓர் இடம். பெரிய செலவல்ல. பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமத்து அரபியை மக்கள் விரட்டப் போனபோது, அவரை இடைமறிக்க வேண்டாம் என்று தடுத்து, முடித்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்ன நபியின் உம்மத் நாம். எழுந்து அவசரமாக வெளியே போகிற பெரியவரை ஜமாஅத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தாலே அவர் அடுத்த ஜும்ஆவுக்கும் வருவார்.

எங்கே போவது?

முதலில் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். அங்கிருந்து தேவைப்பட்டால் எழுதித் தருவார்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறையும், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கின்றன. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்காக 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உங்கள் பகுதி செவிலியரிடம் பெயர் கொடுங்கள். பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் அறக்கட்டளைக்கு வாருங்கள். பெண்களிடம் பெண்களே பேசுவார்கள்.

வெளியூர் ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கும்போது காலண்டரில் பௌர்ணமியையும் தீபத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும், கூட்டத்தில் கழிப்பறை தேடி அலைய வேண்டிவரும். கிளம்பும் முன் பையைக் காலி செய்துவிட்டு, மாற்று லுங்கி, பேட், குழாய், சோப்பு, மூன்று நாள் குறித்த நோட்டு இவற்றை ஒரே பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். பழைய ஸ்கேன் சீட்டுகளையும் மறக்க வேண்டாம்.